ஒரே ராத்திரியில் மலையில் 1,700 பேரைக் காணோம்! ஆனால்...

[காட்சி: இருட்டு, கொட்டும் மழை, அசையும் டார்ச் வெளிச்சம்]

2008 அக்டோபர் 25, சனிக்கிழமை. இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட்டில் மலை மாரத்தான் நடக்கிறது. புயல் காற்று, வெள்ளம். போட்டி பாதியில் நிறுத்தப்படுகிறது. ராத்திரி செய்தியில், '1,700 பேரின் கதி தெரியவில்லை!'

பயந்துவிடாதீர்கள். யாரும் சாகவில்லை. சிலர் பண்ணைத் தொழுவத்தில் ஒதுங்கினார்கள், சிலர் ஹானிஸ்டர் கணவாயில் இருக்கிற ஸ்லேட் சுரங்கத்தில் தஞ்சம் புகுந்தார்கள், இன்னும் பலர் தங்கள் கூடாரத்துக்குள் சுருண்டு கிடந்தார்கள். அது இரண்டு நாள் போட்டி, கூடாரத்தையும் தூங்கும் பையையும் முதுகில் சுமந்துகொண்டுதான் ஓட வேண்டும். ஆக, 'காணவில்லை' என்றால் பட்டியலில் பெயருக்கு நேரே இன்னும் டிக் விழவில்லை, அவ்வளவுதான்.

அந்த டிக் பற்றித்தான் இந்த வீடியோ.

[காட்சி: பச்சை மலை, ஆடுகள்]

சின்னப் பின்னணி. வட இங்கிலாந்தில் மலைக்கு 'ஃபெல்' என்று பெயர், வைக்கிங்குகள் விட்டுச்சென்ற சொல். அதில் ஏறி இறங்கி ஓடுவது ஃபெல் ஓட்டம். சரி, பின்னணி முடிந்தது!

என்னர்டேல் ஹார்ஸ்ஷூ என்று ஒரு போட்டி. சுமார் 36 கிலோமீட்டர், ஏற்றம் மட்டும் 2,200 மீட்டருக்கு மேல். குதிரை லாடம் மாதிரி ஒரு பள்ளத்தாக்கைச் சுற்றி வர வேண்டும். கால் பிசகிவிட்டது, பாதியில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் எந்தப் பக்கம் இறங்குகிறீர்கள் என்பதில்தான் கூத்தே இருக்கிறது. கிரீன் கேபிள் உச்சியில் மூடுபனிக்குள் திசை தவறினால் சீத்வெயிட்டில் போய் நிற்பீர்கள். கிர்க் ஃபெல்லில் தவறினால் வாஸ்டேல். இரண்டுமே வேறு பள்ளத்தாக்கு. உங்கள் காரும் மாற்றுத் துணியும் மலைக்கு அந்தப் பக்கம். ஊரையே சுற்றிக்கொண்டுதான் காரில் திரும்ப வேண்டும். இத்தனைக்கும் சீத்வெயிட், இங்கிலாந்திலேயே அதிகமாக மழை பெய்கிற ஊர்!

நனைந்த கோழியாய் நிற்கிறீர்கள். நண்பர் ஒருவர் வண்டியில் ஏற்றி நேராக வீட்டில் விடுகிறார். சுடச்சுடக் குளியல், ஒரு தேநீர், போர்வை. ஆஹா!

[காட்சி: மேசை, ஈரமான தாள், பேனா]

அங்கே முடிவுக்கோட்டில் கணக்குப் போடுகிறார்கள். கிளம்பியவர்கள் 300. முடித்தவர்கள் 271. விலகியதாகச் சொன்னவர்கள் 28. கணக்கு உதைக்கிறது. மறுபடி எண்ணுகிறார்கள். சோதனைச்சாவடித் தாள்களைப் பிரித்து, உங்கள் எண் கடைசியாக எங்கே பதிவானது என்று தேடுகிறார்கள். நீங்கள் கொடுத்த அவசரத் தொடர்பு எண்ணை அழைக்கிறார்கள். எடுக்க ஆளில்லை. அப்புறம் மலை மீட்புக் குழுவுக்குத் தகவல் போகிறது. அவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு, நாயோடு மலையேறித் தேடுவார்கள். நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இதனால்தான் விதி: விலகினால் முடிவுக்கோட்டுக்கு வந்து சொல்ல வேண்டும், முடியாவிட்டால் போனிலாவது சொல்ல வேண்டும். சொல்லாமல் போனவருக்கு அடுத்த வருஷம் இடமே கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி!

கணக்கு வேறு மாதிரியும் தவறலாம், அது சிரிக்கிற விஷயமில்லை. 2012 ஏப்ரலில் இதே லேக் டிஸ்ட்ரிக்ட்டில் போட்டியில் ஓடிய ஒருவர் மலையிலேயே இறந்தார். ஓட்டக்காரர்களை எண்ணிய விதம் விசாரணையில் பெரிய கேள்வியானது. அதன்பின் ஃபெல் ஓட்டக்காரர் சங்கம் பாதுகாப்பு விதிகளைத் திருத்தியது.

மழை அங்கி, தொப்பி, கையுறை, வரைபடம், திசைகாட்டி, அவசர உணவு எல்லாம் பையில் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். கூடவே ஒரு விசில். ஆபத்து என்றால் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு. பதில் மூன்று ஊதல். அது காதில் விழுந்தாலும் நிறுத்தாதீர்கள், ஆள் வந்து சேரும்வரை ஊதுங்கள்.

மலையேற்றத்தில் பாதியில் திரும்பிய அனுபவம் இருக்கிறதா? யாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள்? கமென்ட்டில் உண்மையைச் சொல்லுங்கள், திட்ட மாட்டேன்.