செருப்பு டோக்கனும் செஷன் எண்ணும்

நேயர்களுக்கு வணக்கம்.

இணையப் பக்கங்களைக் கொண்டுவந்து தரும் எச்.டி.டி.பி. என்னும் நெறிமுறைக்கு நினைவாற்றல் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கிய அதே பிரவுசர் அடுத்த நொடியில் இன்னொரு பக்கத்தைக் கேட்டாலும், இரண்டையும் கேட்டவர் ஒருவரே என்பது பக்கத்தை அனுப்பும் சர்வருக்குத் தெரியாது. இக்குறையைப் போக்க, 1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மோன்டுல்லி குக்கியை உருவாக்கினார். குக்கி என்பது தளம் கொடுக்கும் ஒரு சிறு குறிப்பு; பிரவுசர் அதைச் சேமித்துவைத்து, அத்தளத்திடம் பக்கம் கேட்கும்போதெல்லாம் திருப்பி அனுப்பும். இன்று பெரும்பாலான தளங்கள் பயனரின் விவரங்களைச் 'செஷன்' என்ற பெயரில் தம்மிடமே வைத்துக்கொண்டு, அவற்றைக் கண்டெடுப்பதற்கான செஷன் எண்ணை மட்டும் குக்கியில் அனுப்புகின்றன.

கோயில் வாசலில் செருப்பை விட்டு டோக்கன் வாங்குகிறோம் அல்லவா? டோக்கனை யார் நீட்டினாலும் செருப்பு அவருக்குத்தான். செஷன் எண்ணும் அத்தகையதே; அது கைமாறினால், கடவுச்சொல்லே தேவைப்படாமல் கணக்கு திறந்துகொள்ளும்.

2010ஆம் ஆண்டு அக்டோபரில் எரிக் பட்லர் வெளியிட்ட ஃபயர்ஷீப் என்னும் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்கான நீட்சி இதை உலகறியச் செய்தது. அக்காலத்தில் ஃபேஸ்புக் போன்ற தளங்கள் கடவுச்சொல்லைக் குறியாக்கம் செய்து பெற்றபின், மற்றப் பக்கங்களைக் குறியாக்கம் இன்றியே அனுப்பின. ஆகவே பூட்டில்லாத வைஃபையில் அருகிலிருந்த எவரும் குக்கியைப் பிடித்து அக்கணக்கினுள் நுழைய முடிந்தது. இன்று பக்கங்களைக் குறியாக்கம் செய்தே அனுப்பும் எச்.டி.டி.பி.எஸ். பரவிவிட்டது. குக்கியுடன் 'செக்யூர்' என்று குறித்தால் குறியாக்கமற்ற வழியில் அது செல்லாது, 'எச்.டி.டி.பி. ஒன்லி' என்று குறித்தால் பக்கத்தில் புகுந்த அந்நிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அதைப் படிக்க இயலாது.

எனினும் இன்றும் நான் மிகவும் கவலைப்படுவது வேறொரு பிழையைப் பற்றி. தளங்களை உருவாக்குவோர் சிலர், லாகின் செய்வதற்கு முன் கொடுத்த செஷன் எண்ணையே லாகினுக்குப் பின்னும் தொடரவிடுகிறார்கள். தாக்குபவர் தாம் பெற்ற எண்ணை ஏதேனும் ஒரு வழியில் இன்னொருவரின் பிரவுசரில் பதித்துவிட்டு, அவர் லாகின் செய்யும்வரை காத்திருந்தால் போதும். அந்த எண் இப்போது இருவருக்கும் பொதுவாகிவிடும். பி.எச்.பி. என்னும் நிரல்மொழியில் 'செஷன் ரீஜெனரேட் ஐடி' என்ற ஒரே வரி எண்ணை மாற்றித் தரும். அதை எழுதாமல் விடுவதற்கு எக்காரணமும் இல்லை.

லாகவுட்டிலும் இதே அலட்சியம் நேர்கிறது. பிரவுசரில் உள்ள குக்கியை அழித்துவிட்டு, சர்வரில் உள்ள செஷனை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நிரல் எழுதும் நேயர்கள் தங்கள் தளத்தில் இன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள்: செஷன் எண்ணைக் குறித்துக்கொண்டு லாகவுட் செய்யுங்கள்; பிறகு அதே எண்ணைக் குக்கியில் வைத்து உங்கள் கணக்குப் பக்கத்தைக் கேளுங்கள். பக்கம் திறந்தால், சர்வரில் அந்தச் செஷன் இன்னும் உயிரோடு இருக்கிறது.