வார்டில் பிறக்கும் கேள்வி

சேலத்திலும், ஏற்காட்டு மலையிலும், ஆத்தூர், வாழப்பாடி, ஓமலூர், மேட்டூர் பக்கமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுக்கு வணக்கம். பக்கவாதம் வந்தவர்களுக்கு பிசியோதெரபி கொடுப்பது என் வேலை, அதையே மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். மூளை நோய்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். நோய்களின் பட்டியலைப் படிக்கப் போவதில்லை. மூளையைப் பற்றிய ஆராய்ச்சி, மருத்துவப் படிப்பு, நோயாளிக்குச் செய்யும் சிகிச்சை ஆகிய மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே ஆட்கள் கையில் இருந்தால்தான் நம் வீட்டு நோயாளிக்கு நன்மை என்று நினைக்கிறேன். ஏன் என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

பிட்ஸ், வலிப்பு என்று சொல்கிறோமே, முதலில் அதிலிருந்து ஒரு விஷயம். 1980களில் நம் நாட்டுக்கு சிடி ஸ்கேன் வந்த புதிதில், வலிப்பு வந்தவர்களுக்கு ஸ்கேன் எடுத்தால் பலருக்கு மூளையில் சின்னதாக ஒரு கட்டி மாதிரி தெரிந்தது. காசநோய் நம் ஊரில் அதிகம் என்பதால் அதுவும் காசநோய்க் கட்டியாகத்தான் இருக்கும் என்று நினைத்து, நிறைய பேருக்கு மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள், கட்டியும் மறைந்தது. ஆனால் வெறும் வலிப்பு மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் அது மறைந்துபோனது. வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் இருந்த நரம்பியல் அறுவை மருத்துவர்களுக்கு இது உறுத்தியது. கட்டியிலிருந்து திசு எடுத்து நோய்க்குறியியல் துறையில் பார்த்தபோது, பெரும்பாலானவை காசநோயே இல்லை, பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் போய்த் தங்கி, அங்கேயே அழிந்துகொண்டிருந்தது என்று தெரிந்தது. மனித மலத்தில் வெளியேறும் அந்தப் புழுவின் முட்டை, கழுவாத காய்கறியோடும் அசுத்தமான தண்ணீரோடும் வயிற்றுக்குள் போகிறது, அதனால் சுத்த சைவக்காரருக்கும் வரும். அதோடு அவர்கள் நிற்கவில்லை. கட்டியின் அளவு இவ்வளவுக்குள் இருந்தால், மூளையில் அழுத்தம் ஏறாமல் இருந்தால், அறுவையே செய்யாமல் இன்னதுதான் என்று முடிவுக்கு வரலாம் என்று விதிகள் வகுத்து எழுதினார்கள். அது மாணவர்களின் பாடமானது. அப்புறம் எத்தனையோ பேருக்குத் தேவையில்லாத காசநோய் மாத்திரையும், தேவையில்லாத மண்டை அறுவையும் தப்பின.

இது எப்படி நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். சிகிச்சை கொடுத்தவரேதான் சந்தேகப்பட்டார், திசுவைப் பார்க்கிறவர் அதே வளாகத்தில் இருந்தார், அங்கே படித்த மாணவர்கள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அந்தத் துறை அப்படித்தான் தொடங்கப்பட்டது. 1949இல் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை அங்கே ஆரம்பித்த ஜேக்கப் சாண்டி, கனடாவின் மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற மூளை அறுவை மருத்துவரிடம் பயிற்சி பெற்றவர். பென்ஃபீல்டின் மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனம் 1934இல் திறந்தபோதே ஆய்வுக்கூடம், வகுப்பு, வார்டு எல்லாம் ஒரே இடத்தில் என்றுதான் திறந்தது. சேலத்தில் ரயில் ஏறி காட்பாடியில் இறங்கும் நம் ஊர்க்காரர்கள் அந்தப் பழக்கத்தின் பலனைத்தான் அனுபவிக்கிறார்கள்.

இன்னொன்று, நம் வீட்டுப் பெண்களுக்கு ரொம்பத் தெரிந்த விஷயத்திலிருந்து. தலைக்குச் சுடுதண்ணீர் ஊற்றிக் குளிக்கும்போது மட்டும் சிலருக்கு வலிப்பு வரும். தென்னிந்தியாவில், முக்கியமாகக் கர்நாடகத்து மைசூர் பக்கம் இது அதிகம். "தலைக்குக் குளிக்கும்போதுதாங்க வருது" என்று வீட்டில் இருப்பவர்கள் சொன்னதை, பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் காதில் வாங்கி, ஒவ்வொருவராகக் கேட்டு எழுதி, அதற்கென்று தனி வழிமுறை சொன்னார்கள். தண்ணீரின் சூட்டைக் குறைப்பது பலருக்குப் போதுமானதாக இருந்தது, சிலருக்குக் குளிப்பதற்கு முன் ஒரு மாத்திரை வேண்டியிருந்தது. கேள்வி நோயாளியின் வீட்டிலிருந்து வந்தது என்பதை நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்று நாம் சொல்கிறோம், சரி, ஆனால் அவர்கள் சொல்வதை நாம் கேட்கிறோமா?

இனி என் துறைக்கு வருகிறேன், இங்கேதான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது. பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துவிட்டால் நோயாளி நல்ல கையாலேயே எல்லாம் செய்யப் பழகிவிடுவார். விழுந்த கையில் கொஞ்சம் சக்தி திரும்பி வந்தாலும் அதைப் பயன்படுத்த மாட்டார். எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைக் குரங்குகளிடம் பார்த்தார். உணர்வு நரம்பைத் துண்டித்த கையைக் குரங்கு தூக்கவே இல்லை, நல்ல கையைக் கட்டிப்போட்டதும் அதே கையால் சாப்பாட்டை எடுத்தது. இதை மனிதர்களிடம் முயன்ற பெரிய ஆய்வு 2006இல் வெளிவந்தது. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேர் அதில் இருந்தார்கள். பயிற்சிக் குழுவில் சேர்ந்தவர்கள் இரண்டு வாரம் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கையில் உறை மாட்டிக்கொண்டு, பலவீனமான கைக்குத் தீவிரப் பயிற்சி எடுத்தார்கள். அவர்களிடம் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது நிமிர்ந்தால்தான் இது உதவும், எல்லோருக்கும் ஆகாது. என்னிடம் வந்த, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்த ஒரு அண்ணனுக்கு உறை மாட்டிவிட்டு, உடற்பயிற்சிப் பந்தைக் கொடுக்காமல் கொலுசுச் சலங்கைகளைத் தட்டிலிருந்து தட்டுக்கு எடுத்துப் போடச் சொன்னேன். மூளை தனக்குப் பழகிய, தனக்குத் தேவையான வேலையில்தான் சீக்கிரம் புதுப் பாதை பிடிக்கும். ஆய்வுக் கட்டுரையில் சலங்கை இருக்காது, அதைச் சேர்ப்பது வார்டில் நிற்கிறவரின் வேலை.

ஆய்வு நம் நம்பிக்கையை உடைக்கவும் செய்யும், அதையும் சொல்லியாக வேண்டும். பக்கவாதம் வந்தவரை எவ்வளவு சீக்கிரம் எழுப்பி நடக்கவைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று எத்தனையோ பேர் நினைத்திருந்தோம். 2015இல் 2104 நோயாளிகளை வைத்து வந்த ஒரு பெரிய ஆய்வு, முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே ஆரம்பித்து அடிக்கடி, அதிகமாக எழுப்பி நடக்கவைத்தவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் குறைவாகவே தேறினார்கள் என்று காட்டியது. அடுத்து 2017இல், நம் நாட்டின் 14 மருத்துவமனைகளில் 1250 பேரை வைத்து, வீட்டில் இருப்பவர்களுக்கே பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பினால் போதுமா என்று பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வழக்கமான சிகிச்சையைவிட மேலான பலன் எதுவும் தெரியவில்லை. மனம் கொஞ்சம் கனத்தது, ஏனென்றால் தெரபிஸ்ட் எட்டிப்பார்க்க முடியாத கிராமங்களுக்கு அது கைகொடுக்கும் என்று நம்பியிருந்தேன். இதிலிருந்து குடும்பம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. அக்காவின் தலையிலோ மருமகளின் தலையிலோ எல்லாவற்றையும் கட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் வந்த பிறகு பிசியோதெரபிஸ்ட்கள் வீட்டுக்கே போகிறார்கள், அந்த வருகையை இன்னும் அடிக்கடி ஆக்க வேண்டும். இந்த இரண்டு ஆய்வும் பழைய பாடப்புத்தகத்தில் கிடையாது. ஆய்வைப் படிக்கிற பழக்கம் இல்லாத ஆசிரியரிடம் படித்த மாணவர் பழையதையேதான் நோயாளிக்குச் செய்வார்.

இப்போது மலைக்குப் போவோம். அடைப்பினால் வரும் பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் ஸ்கேன் எடுத்து அது ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலம் 30 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு. அதற்கும் மேலே, ஏற்காடு டவுனுக்கே நடந்தோ ஜீப் பிடித்தோ வர வேண்டிய ஊர்களில் இருக்கும் மலையாளி பழங்குடி மக்களும், காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர்களும் என்ன செய்வார்கள்? வாயு பிடித்திருக்கிறது, காலையில் சரியாகிவிடும் என்று படுக்கவைக்கிறார்கள். புறா ரத்தம் தேய்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப் போவதில்லை. எந்த இடத்தில் எவ்வளவு நேரம் போனது, வீட்டிலா, வண்டிக்குக் காத்திருந்ததிலா, முதலில் போன கிளினிக்கிலா, ஸ்கேன் வாசலிலா என்று வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினால், அதுவே ஆராய்ச்சிதான். இதற்குக் கோடி ரூபாய் மெஷின் வேண்டாம். ஒரு நோட்டும், அதைக் கேட்கத் தெரிந்த ஒரு மாணவரும் போதும். நம் மாவட்டத்திலேயே 1986 முதல் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி படிக்கிற பிள்ளைகள் எல்லோரும், டிஸ்சார்ஜ் ஆகிப் போன நோயாளியைத் தேடி ஒரு முறையாவது மலையேறி, அந்த வீட்டு வாசல்படி எவ்வளவு உயரம், கழிப்பறை எங்கே இருக்கிறது, வலிப்பு மாத்திரை எந்த வாரம் தீர்ந்துபோனது என்று பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது என் ஆசை. மாத்திரை ஒழுங்காகக் கிடைத்துச் சாப்பிட்டால் வலிப்பு நோயாளிகளில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தக் கணக்கு மலையில் எங்கே இடறுகிறது என்பதை அந்தப் பிள்ளைகள்தான் நமக்குச் சொல்ல முடியும்.

உங்களிடம் கேட்டுக்கொள்ள இரண்டு விஷயம். பெரிய மருத்துவமனைக்குப் போகும்போது பழைய ஸ்கேன் ஃபிலிம், சீட்டு, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். பக்கவாதம் என்று சந்தேகம் வந்தால் 108க்கு அடித்துவிட்டு, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரம் எது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். அடுத்தது, மாணவர்கள் வந்து கேட்டால் சலிக்காமல் சொல்லுங்கள், உடம்புக்கு முடியவில்லை என்றால் இப்போது வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆய்வில் சேரச் சொல்லிக் கேட்டால் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். என்ன செய்யப் போகிறார்கள், என்ன கெடுதல் வரலாம், நடுவில் விலகினால் சிகிச்சை நிற்குமா என்று கேளுங்கள். நிற்கக் கூடாது, அதுதான் விதி. படிக்கத் தெரியாது என்றால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், வீட்டில் கலந்து பேச ஒரு நாள் அவகாசம் கேளுங்கள், ஆய்வு முடிந்ததும் என்ன கண்டுபிடித்தீர்கள் என்று எங்களுக்கும் வந்து சொல்லுங்கள் என்று கேட்டு வையுங்கள். நன்றி, வணக்கம்.