மங்கின் உட்புறம்

(மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் தவக்கால உபவாசக் கூடுகை ஒன்றில் பேசியது. பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறேன்.)

அன்பான சகோதர சகோதரிகளே,

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவினவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பெரியவர்களில் பாதிப்பேர் கை தூக்குவீர்கள். இளம் பிள்ளைகள் தூக்கமாட்டார்கள். அவர்கள் பார்த்து வளர்ந்தது செம்பனையும், விடிகாலையில் வந்து ஆட்களை ஏற்றிப்போகும் தொழிற்சாலை வேனும்தான். அதனால் அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

என் அம்மா விடியுமுன்னே பிரட்டுக்கு, அதாவது வேலையாட்களைக் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்ப் பேர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் இறங்குவார். வெயில் ஏறுமுன் சீவினால்தான் பால் நன்றாக ஓடும். ஒவ்வொரு மரத்திலும் உளியை வைக்குமுன் அவர் இரண்டு வேலை செய்வார். போன தடவை சீவின கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரித்துக் கூடையில் போடுவார். அடுத்து, பால் வடிந்து விழும் கிண்ணமான மங்கை எடுத்து, கட்டைவிரலால் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றித் துடைப்பார். அதற்குப் பிறகுதான் சீவல்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் எனக்கும் சில மரங்களைக் கொடுத்தார். சீக்கிரம் முடித்துவிட்டுப் பந்து விளையாடப் போகவேண்டும் என்ற அவசரத்தில் நான் மங்கைத் துடைக்கவில்லை. பால் எடுக்கத் திரும்பிப் போனபோது என் மங்குகளில் பாதி தயிர் மாதிரி உறைந்து கிடந்தது. அழுக்கு மங்கில் கிருமி இருக்கும். அது பாலைப் புளிக்கவைத்து, ஸ்டோருக்குப் போகுமுன்னே கட்டிப்பாலாக்கிவிடும். கட்டிப்பாலுக்கு விலை குறைவு. அம்மா என்னை அடிக்கவில்லை. "மரம் நல்ல பாலத்தான்டா குடுத்துச்சு. நீ வாங்கின பாத்திரந்தான் சரியில்ல" என்றார்.

பல வருஷம் கழித்து மத்தேயு 23ஆம் அதிகாரம் வாசிக்கும்போது அந்த உறைந்த மங்குகள் கண்முன் வந்தன. போஜனபானபாத்திரங்களின் "உட்புறத்தை முதலாவது சுத்தமாக்கு" என்று பரிசேயனிடம் ஆண்டவர் சொல்கிறார். வெளிப்புறத்தைக் கழுவவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. "முதலாவது" என்கிறார். உள்ளே சுத்தமானால் வெளியேயும் சுத்தமாகும் என்பது அவர் போட்ட வரிசை.

நம் சபைகளில் பரிசுத்தம் என்றதும் வெள்ளை உடை, நகை போடாமை, சினிமாவுக்குப் போகாமை, இப்படி ஒரு பட்டியல் வந்து நிற்கிறது. அப்படி வாழ்ந்த நம் பாட்டிமார் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அவர்கள் கொடுத்த விலை பெரியது. ஆனால் பட்டியலைக் காப்பாற்றிக்கொண்டே உள்ளே உறைந்துபோக முடியும். எனக்கு அது நடந்தது. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் சில வசனங்களைப் பார்த்துவிடுவோம்.

சங்கீதம் 51ல் தாவீது, "என் அக்கிரமம் நீங்க என்னை முற்றிலும் கழுவி" என்று கேட்கிறான். உடம்பைக் கழுவுவதற்கு எபிரெயத்தில் ஒரு சொல், துணி துவைப்பதற்கு வேறு சொல். தாவீது இங்கே சொல்வது துணிக்கான சொல், காபாஸ். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பொதுக்குழாயடியில், கல்லில் போட்டு அடித்து, முறுக்கி, மறுபடி அடித்துத் துவைப்பதை நாம் பார்த்திருக்கிறோமே, அதுதான். முகத்தில் தண்ணீர் தெளித்துவிடும் என்று அவன் கேட்கவில்லை. என்னைக் கல்லில் போட்டுத் துவையும் என்கிறான். அதே சங்கீதத்தில் கொஞ்சம் தள்ளி, "சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்" என்கிறான். இந்தச் 'சிருஷ்டி' ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் வானத்தையும் பூமியையும் பற்றிச் சொல்லப்பட்ட அதே சொல். துவைத்தாலும் போதாது, புதிதாகவே உண்டாக்கவேண்டியிருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அப்படியானால் தினமும் பாவி, தினமும் புதிதாக இரட்சிப்பு, தினமும் பயம், இதுதான் கிறிஸ்தவ வாழ்க்கையா? யோவான் 13ல் பேதுருவும் இங்கேதான் குழம்புகிறார். முதலில் என் கால்களைக் கழுவவே கூடாது என்கிறார், அப்புறம் கை, தலை எல்லாவற்றையும் கழுவும் என்கிறார். ஆண்டவர் பொறுமையாகச் சொல்கிறார்: "முழுகினவன் தன் கால்களைமாத்திரம் கழுவவேண்டியதாயிருக்கும்." ஆற்றில் முழுகிவிட்டுச் செம்மண் சடக்கில் வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்துவந்தவர்களுக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டாம். உடம்பு சுத்தம்தான். கால் மட்டும் செம்மண். வாசலில் ஒரு வாளித் தண்ணீர் போதும். ஆனால் அந்த வாளியைத் தாண்டி உள்ளே நடந்தால் வீடு முழுக்க உங்கள் கால்தடம் பதியும், அதை மிதிக்கிறவர்கள் உங்கள் மனைவியும் பிள்ளைகளும்.

எபிரெயர் 12:14ல் "பரிசுத்தமுள்ளவர்களாயிருக்கவும் நாடுங்கள்" என்று இருக்கிறது. 'நாடுங்கள்' என்பது மென்மையாகக் கேட்கிறது. மூலச் சொல்லில் விரட்டிக்கொண்டு ஓடுகிற வேகம் இருக்கிறது. துன்பப்படுத்த விரட்டுவதற்கும் புதிய ஏற்பாட்டில் அதே சொல்தான். அதே வசனத்தின் முன்பாதி, "யாவரோடும் சமாதானமாயிருக்கவும்" என்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறது. நாம் பின்பாதியை மட்டும் சுவரில் மாட்டுகிறோம்.

சரி, உட்புறத்தை எதைக்கொண்டு கழுவுவது? திருக்குறள் 298 நம்மில் பலருக்கு மனப்பாடம்:

புறந்தூய்மை நீரான் அமையும் அகந்தூய்மை
வாய்மையால் காணப் படும்.

உடம்பின் சுத்தம் தண்ணீரால் அமையும், மனத்தின் சுத்தம் உண்மை பேசுவதில் தெரியும். யோவான் தன் முதல் நிருபத்தில் "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்" என்று எழுதுகிறார். அந்த 'அறிக்கையிடு' என்ற கிரேக்கச் சொல்லின் பொருள் 'அதையே சொல்வது'. என் செயலைப் பற்றிக் கடவுள் என்ன சொல்கிறாரோ அதையே நானும் சொல்வது. அவர் அதைத் திருட்டு என்றால் நான் 'சூழ்நிலை' என்று சொல்லக்கூடாது. கழுவுகிறது இயேசுவின் இரத்தம், என் நாக்கு அல்ல. ஆனால் நான் பொய் சொல்லிக்கொண்டிருக்கும் வரை மங்கை மார்போடு அணைத்து ஒளித்துவைத்திருக்கிறேன். ஒளித்துவைத்த மங்கை யாரும் துடைக்க முடியாது.

இனி என் கதை. அப்பா இறந்தபோது அவருடைய இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்துக்கு என் பெயரைத்தான் போட்டிருந்தார். அண்ணனுக்கும் எனக்கும் சரிபாதி என்பது அவர் வாயால் சொன்னது. நான் அண்ணனிடம் மொத்தத் தொகையில் 6,000 வெள்ளியை (ரிங்கிட்) குறைத்துச் சொன்னேன். அதாவது அண்ணனின் 3,000 வெள்ளி என் கையில் நின்றது. வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்டவேண்டும், அண்ணனுக்குக் குலிமில் நல்ல சம்பளம். இப்படி எனக்கு நானே மூன்று காரணம் சொல்லிக்கொண்டேன். அண்ணன் ஒரு வார்த்தை சந்தேகப்படவில்லை. அதுதான் எனக்கு வினையாயிற்று. சந்தேகப்பட்டிருந்தால் சண்டை போட்டு மறந்திருப்பேன்.

ஒன்பது வருஷம். அந்த ஒன்பது வருஷமும் நான் சபையில் பொருளாளர். காணிக்கை எண்ணும்போது ஒரு சென் தவறியதில்லை. திருவிருந்து ஒன்றும் விட்டதில்லை. வெளியே எல்லாம் சுத்தம். ஆனால் ஜெபிக்க உட்கார்ந்தால் உள்ளே எதுவும் ஓடாது. அண்ணன் போன் செய்தால் எரிச்சல் வரும். அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. நான் யாருக்குத் துரோகம் செய்தேனோ அவர் மேலேயே எனக்குக் கோபம் வளர்ந்தது. பாவத்தின் வேலை எப்படியிருக்கிறது பாருங்கள்.

ஒரு சனிக்கிழமை குலிமுக்குப் போய், அண்ணி தேநீர் வைக்கப் போன நேரத்தில் சொல்லிவிட்டேன். "அண்ணே, அப்பா பணத்துல உங்க 3,000 வெள்ளி என்கிட்ட இருக்கு. நான் பொய் சொன்னேன்." கட்டிப்பிடித்து அழுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மொதல்ல பணத்தக் கொண்டு வா" என்றார். தேநீரைக் குடிக்கச் சொல்லவில்லை. மாதம் 300 வெள்ளியாகப் பத்து மாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் மூன்று மாதம் வாசலில் நின்றே வாங்கிக்கொண்டார். நாலாவது மாதம் உள்ளே வா என்றார். கடைசி மாதம் சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். இன்னும் பழையபடி ஆகிவிடவில்லை, அதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் முதல் சனிக்கிழமை பஸ்ஸில் திரும்பி வரும்போதே ஜெபம் ஓட ஆரம்பித்தது. ஆயக்காரனான சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று ஆண்டவரிடம் சொன்னான். எனக்கு ஒரு மடங்கு கொடுக்கவே ஒன்பது வருஷம் பிடித்தது.

இதைக் கேட்டுச் சிலர் உங்களையே குடைய ஆரம்பிப்பீர்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. மரம் சீவுகிறவர் ஒவ்வொரு தடவையும் எடுப்பது பட்டையில் மெல்லிய ஒரு சீவல், ஒன்றிரண்டு மில்லிமீட்டர்கூட வராது. ஆழமாக வெட்டினால் மரத்தில் காயம் பட்டு, அந்த இடம் முண்டு முண்டாக வளரும். பிறகு அங்கே சீவ முடியாது. 1505ல் ஜெர்மனியின் எர்ஃபர்ட் மடத்தில் துறவியாகச் சேர்ந்த மார்ட்டின் லூதர், ஏதாவது பாவம் விட்டுப்போயிருக்குமோ என்று மணிக்கணக்காக அறிக்கை செய்துகொண்டே இருந்தார், சமாதானம் வரவில்லை. தினமும் கொஞ்சம் உண்மை சொல்லுங்கள். சீவின கோடு மூடிப்போக விடாதீர்கள். அவ்வளவு போதும். "சுத்திகரிக்கும்" என்று யோவான் எழுதுவது தொடர்ந்து நடக்கிற வேலை.

இதைத் தனியாகச் செய்வது கஷ்டம். 1742ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மெதடிஸ்டு சபையார் கட்டடக் கடனை அடைக்க, பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து வாரம் ஒரு பென்னி வசூலித்தார்கள். வசூலுக்கு வீடு வீடாகப் போனவர்கள் அங்கே இருந்த சண்டையையும் குடியையும் கண்டார்கள். அதிலிருந்து, ஒருவரை ஒருவர் 'உன் ஆத்துமா எப்படி இருக்கிறது' என்று விசாரிக்கும் வாராந்தரக் கூட்டங்கள் பிறந்தன. மறு வருஷம் அவர்களின் தலைவர் ஜான் வெஸ்லி வெளியிட்ட விதிகளில் சாராயத்தோடு அநியாய வட்டியும், திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் கடன் வாங்குவதும் விலக்கப்பட்டிருந்தன. சம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் கண்டிக்கிற நாம் வட்டியைப் பற்றிப் பேசுகிறோமா? இந்தக் கெடா தோட்டங்களில் 1947 வாக்கில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளை எதிர்த்துத் திரண்டார்கள். அவர்கள் நம் சபையார் என்று சொல்லவரவில்லை. தன் லயத்தில் நடப்பதற்குத் தானும் பொறுப்பு என்று நினைத்தார்களே, அதைச் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. பரிசுத்தம் என்பதைத் தீட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். குஷ்டரோகியை ஆண்டவர் தொட்டார். தீட்டு அவருக்கு ஒட்டவில்லை, சுத்தம் அவனுக்குப் போனது. யார் வீட்டில் சாப்பிடலாம், யார் வீட்டில் பெண் எடுக்கலாம் என்று சாதி பார்த்துக்கொண்டு பரிசுத்தம் பேசுகிற வீடு நம்மிடையே இருந்தால், அங்கே மங்கு இன்னும் துடைக்கப்படவில்லை.

அடுத்து திருவிருந்து. காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று அங்கே நினைவுகூர்ந்தால், காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார். அதனால் இப்போது கொஞ்ச நேரம் பாட்டு வேண்டாம், சும்மா இருப்போம். யாருக்காவது போன் பண்ணவேண்டியிருந்தால் எழுந்து வெளியே போங்கள். பின்கதவு திறந்திருக்கிறது, யாரும் திரும்பிப் பார்க்கமாட்டோம். நீங்கள் வரும்வரை காத்திருக்கிறோம்.