வறுமையா, வாசிப்பா? – வாசிப்பே!

நடுவர் ஐயா அவர்களே, கோத்தகிரிக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தேயிலைக் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

"ஏழைப் பிள்ளையின் அறிவைக் கூர்தீட்டுவது வறுமையா, வாசிப்பா?" என்பது இன்றைய வழக்கு. எதிரணித் தலைவர் மலாவி நாட்டு வில்லியம் காம்குவாம்பாவைக் காட்டி, "பசிதான் அந்தச் சிறுவனைக் காற்றாலை கட்டவைத்தது" என்றார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன், அந்தப் பிள்ளைமேல் எனக்கும் அவ்வளவு பிரியம். ஆனால், ஐயா, அவர் பாதிக் கதையைத்தான் சொன்னார்.

2001-02இல் மலாவியில் கொடும் பஞ்சம். மக்காச்சோளம் பொய்த்துவிட்டது. வில்லியமின் வீட்டில் நாளுக்கு ஒரு வேளை, அதுவும் சில கவளம். அந்தப் பஞ்சம் அவன் வீட்டுக்கு மட்டுமா வந்தது? பசிதான் கற்றுக்கொடுக்கும் என்றால் அந்த நாட்டில் ஊருக்கு ஊர் காற்றாலை சுழன்றிருக்க வேண்டுமே! பசி அவனுக்கு என்ன செய்தது? கட்டணம் கட்ட வழியில்லாமல் பள்ளியை விட்டு நிறுத்தியது. வறுமை ஓர் ஆசிரியர் என்றால், மாணவனை முதலில் வகுப்பிலிருந்து துரத்துமா?

ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஒரு சின்ன நூலகம் இருந்தது. அங்கே போனான். ஆங்கிலம் சரியாக வராது. படத்தைப் பார்ப்பான், கீழே உள்ள சொல்லை அகராதியில் தேடுவான். ஒரு புத்தகத்தின் அட்டையில் காற்றாலைகள் நின்றன. அதன்பிறகுதான் டிராக்டர் விசிறியில் அவன் கண் விழுந்தது. பிளாஸ்டிக் குழாயை நெருப்பில் வாட்டித் தட்டையாக்கி இறக்கை செய்தான். சைக்கிள் டைனமோவை நண்பன் கில்பர்ட் காசு கொடுத்து வாங்கித் தந்தான். கோபுரம் எந்த மரத்தில் தெரியுமா? நம் மலையெங்கும் நிற்கிறதே, அதே தைலமரம்! பைத்தியம் என்று சிரித்த ஊர், பல்பு எரிந்ததும் வாயடைத்துப்போனது.

இனி நம் மலைக்கு வருகிறேன். என் அண்ணனும் ஒரு டைனமோவை வைத்துக்கொண்டு அலைந்தவன். ஐப்பசி மழையில் மின்சாரம் போனால் தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லயன் வீட்டுக்கு நாள்கணக்கில் வராது. மேட்டுப்பாளையத்துப் பழைய இரும்புக் கடையில் வாங்கிய டைனமோவை, தகரத் துண்டுகளால் செய்த சக்கரத்தின் அச்சில் நேராகப் பொருத்தி ஓடையில் இறக்கினான். பல்பின் இழை லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான். மறு வருட மழையிலும் அதே சிவப்பு. அந்த இரண்டு வருடமும் எங்கள் வறுமை ஒரு பிடி குறையவில்லை, நடுவர் அவர்களே. பல்பும் எரியவில்லை!

பிறகு ஒரு நாள் கிளை நூலகத்தில் பழைய இயற்பியல் புத்தகம் ஒன்று அவன் கையில் கிடைத்தது. பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள், அதை உரசி நிற்கும் சிறிய சக்கரம் பல சுற்றுச் சுற்றிவிடும் என்று அதில் ஒரு படம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதினார். மூன்றாவது விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர். அந்தப் புத்தகம் எத்தனை வருடம் என் அண்ணனுக்காக அந்த அலமாரியில் காத்திருந்ததோ!

ஓடிவந்தான். ஒரு சைக்கிள் ரிம்மைத் தகரச் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டி, டைனமோவின் தலையை ரிம்மின் விளிம்பில் அழுத்தினான். வெள்ளை வெளிச்சம்! அம்மா பல்பருகே கையை நீட்டினார். தேயிலைக் கறை ஏறிய விரல்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளில் அடைமழை. கொழுந்து பறிக்கும்போது அம்மா இடுப்பில் கட்டும் பாலிதீன் தாளை எடுத்தான். தலையில் போட்டுக்கொள்ளவில்லை, ஐயா. புத்தகத்தை அதில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நனைந்தபடியே நூலகத்துக்கு நடந்தான்.

நன்றி, வணக்கம்.