ஓர் எழுத்தும் ஒரு சிரட்டைத் தண்ணீரும்

(குமரி மாவட்டத்தின் ரப்பர் தோட்டத்து ஊர் ஒன்றில், வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. நடுவில் மைக் இரண்டு தடவை நின்றுபோனது. அப்போது விட்டுப்போனதை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமை ஆசிரியர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எந்தக் கூட்டத்துக்கும் மறுக்காமல் வந்து முன்வரிசையில் உட்காரும் ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஐயா அவர்களே, காசு வாங்காமல் மைக்செட் போட்டிருக்கும் தம்பி, டீக்கடை அண்ணாச்சி, பால்வெட்டுக்குப் போய்விட்டு நேராக இங்கே வந்திருக்கும் அக்காமார், எல்லாருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போன பெரியவர்கள் கோபிக்க வேண்டாம், போன தடவை ஒருவர் கோபித்துக்கொண்டு பொன்னாடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மூன்று விஷயம் பேசப்போகிறேன். வைரஸின் மரபணு மாறினால் என்ன ஆகும், கொசுவின் மரபணு மாறினால் என்ன ஆகும், மனுஷனுக்கு மனுஷன் ஏன் நோய் வேறுபடுகிறது. அதற்கு முன்னால் எங்க ஆச்சி சொல்லும் பழமொழி ஒன்று: ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். இதைச் சிக்குன்குனியா வைரஸ் கற்றுக்கொண்ட கதைதான் இன்றைக்கு. கொசு பரப்புகிற, மூட்டைப் பிடிக்கிற காய்ச்சல் அது.

2007-ல் எங்க மாமா மகனுக்குக் கல்யாணம். கோட்டயம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தான். அந்த வருஷம் அங்கே சிக்குன்குனியா பரவிக் கிடந்தது, இவனுக்கும் வந்து, காய்ச்சல் விட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. முகூர்த்தத்தைத் தள்ளிவைத்தால் மண்டபக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டார், அதனால் வேனில் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டார்கள். மாப்பிள்ளை மண்டபத்துக்குள் இடுப்பை வளைத்துக்கொண்டு நுழைகிறான். பெண் வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு, "பையனுக்கு எவ்வளவு பணிவு பாருங்க, இந்தக் காலத்தில் யார் இப்படிக் குனிவா" என்று பக்கத்து அம்மாளிடம் சொல்கிறாள். பந்திக்குப் போகிறான், குனிந்தபடியே. போட்டோக்காரர் "நிமிருங்க சார், நிமிருங்க" என்று கத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் பெண்ணையும் கொஞ்சம் குனியச் சொல்லிப் படம் எடுத்தார்! தாலி கட்டும்போதுதான் குட்டு உடைந்தது. விரல் மடங்கவில்லை, கயிறு நழுவுகிறது, கெட்டிமேளம் முழங்கிக்கொண்டே இருக்கிறது, தவில்காரர் வேர்த்து ஊற்றித் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். அவன் தங்கச்சிதான் மூன்று முடிச்சையும் போட்டாள். இன்றைக்கும் வீட்டில் சண்டை வந்தால் அவன் மனைவி, "நீயா எனக்குத் தாலி கட்டினே, உன் தங்கச்சியைக் கூப்பிடு" என்பாள்.

சிரிக்கிறோம், ஆனால் நோயின் பெயரே அதுதான். 1952-53-ல் இன்றைய தான்சானியாவில் இதை முதலில் அடையாளம் கண்டபோது, மகோண்டே மக்களின் மொழியில் 'வளைந்துபோவது' என்ற பொருளில் வைத்த பெயர். 1964-லேயே சென்னைக்கும் வேலூருக்கும் வந்துபோயிருக்கிறது. அப்போதெல்லாம் இதைச் சுமந்தது ஏடிஸ் எஜிப்டி, வீட்டுத் தொட்டியிலும் பூச்சாடியிலும் வளரும் நகரத்துக் கொசு.

அப்புறம் 2005-ல் இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கர் பக்கத்தில் இருக்கும் ரீயூனியன் தீவு. நம் முன்னோர் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போன ஊர்தான், இன்றைக்கும் அங்கே மாரியம்மன் கோயில் உண்டு, அதைப் பற்றித் தனிக்கூட்டம் போடலாம். அந்தத் தீவில் எஜிப்டி அரிது. இருப்பதெல்லாம் புலிக்கொசு, உடம்பில் வெள்ளை வரி போட்ட ஏடிஸ் அல்போபிக்டஸ். அதனிடம் இந்த வைரஸின் ஜம்பம் முன்னால் அவ்வளவாகப் பலிக்காது. தொடக்கத்தில் எடுத்த மாதிரிகளில் பழைய வைரஸ்தான் இருந்தது. சில மாதம் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு மாற்றம். கிட்டத்தட்ட 11,800 எழுத்து கொண்ட மரபணுத் தொகுப்பில் ஓர் எழுத்து மாறி, ஈ1 என்ற புரதத்தின் 226-ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் போய் வாலின் என்ற இன்னொன்று உட்கார்ந்திருக்கிறது. கொசுவின் செல்லுக்குள் நுழைய வைரஸுக்குக் கதவு திறப்பது அந்தப் புரதம். பிறகு ஆய்வகத்தில் சோதித்தார்கள். மாறிய வைரஸ், ரத்தத்தில் முன்பைவிட ரொம்பக் குறைவாக இருந்தாலே போதும், புலிக்கொசுவின் குடலைத் தாண்டி உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்விடுகிறது. எஜிப்டியில் அதற்குப் பெரிய ஆதாயம் ஒன்றும் இல்லை. ஆடுகிற மாட்டுக்கு ஆட்டம், பாடுகிற மாட்டுக்குப் பாட்டு! அப்போது கிட்டத்தட்ட எட்டு லட்சம் பேர் வாழ்ந்த தீவில் மூன்றில் ஒருவர் படுத்துவிட்டார்கள்.

எனக்குத் தூக்கம் கெட்டது இதற்கு அடுத்த விஷயத்தில்தான். 2006-ல் இந்தியாவில் பரவிய வைரஸில் அந்த மாற்றம் இல்லை. 2007-ல் கேரளத்தில் இருந்தது. ரீயூனியனிலிருந்து கப்பலேறி வந்ததில்லை, இங்கேயே தனியாக, அதே இடத்தில், அதே எழுத்து மாறியிருக்கிறது. நகலெடுக்கும்போது பிழை பார்க்காத வைரஸ் இது, லட்சம் தப்பு செய்யும், அதில் எது புலிக்கொசுவுக்குப் பிடிக்கிறதோ அது மேலே வரும். அதே வருஷம் கேரளத்திலிருந்து போன ஒருவர் வழியாக இத்தாலியில் ரவென்னா பக்கத்துக் கிராமங்களில் இருநூறு பேருக்கு மேல் வந்தது. அங்கேயும் புலிக்கொசுதான்.

சரி, கேரளத்தில் அவ்வளவு புலிக்கொசுவுக்குத் தொட்டில் எது? பால் வடிய ரப்பர் மரத்தில் கட்டிய சிரட்டை, அதாவது கொட்டாங்கச்சி. நம் ஊரில் ஏக்கருக்கு நூற்றெண்பது மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் வெட்டு நின்றதும் நூற்றெண்பது சிரட்டையிலும் தண்ணீர். போன ஆடியில் நானே ஒரு சிரட்டையை டார்ச் அடித்துப் பார்த்தேன். காய்ந்த பால் படலத்துக்கு அடியில், பாதி டம்ளர் தண்ணீரில், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு இருபது முப்பது புழு. வெளிச்சம் பட்டதும் ஒன்றாக அடியில் போய் ஒளிந்தன.

கொசு மரபணுவைப் பற்றி, கொசுவுக்குள் வைரஸ் பெருகாமல் தடுக்கும் வோல்பேக்கியா பாக்டீரியாவை ஏற்றிப் புதுச்சேரியில் கொசு வளர்த்திருப்பதைப் பற்றி, மனுஷனுக்கு மனுஷன் நோய் வேறுபடுவதைப் பற்றியெல்லாம் சொல்வதாக ஒத்துக்கொண்டேன். செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார், அதனால் சிரட்டையோடு நிறுத்துகிறேன்.

கவிழ்த்து வையுங்கள் என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள். யார் கவிழ்ப்பது? தோட்டக்காரர் நாகர்கோவிலிலோ துபாயிலோ இருக்கிறார். வெட்டுகிற அக்காவுக்கு மரக்கணக்கில்தான் கூலி, வெட்டு இல்லாத நாளில் அவர் ஏன் சும்மா மலை ஏறவேண்டும்? அரைநாள் கூலி கொடுங்கள், ஒரே காலையில் ஒரு தோட்டம் முடிந்துவிடும். அறிவுரையை வைத்துத் தோட்டக்காரரைக் கறக்க முடியாது. அவருக்குப் பாட்டு வேறே, தீர்மானம் போட்ட தாள் வேண்டும். ஆச்சி சொன்னது அதுதான்.

ஊராட்சித் தலைவர் அம்மா, உங்கள் வீட்டுக்காரருக்கும் மூன்று ஏக்கர் இருப்பது எல்லாருக்கும் தெரியும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் 'சிரட்டைக் கவிழ்ப்புக் கூலி' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். கையெழுத்து நோட்டு அண்ணாச்சி கடை மேசையில் இருக்கிறது, பேனா கயிற்றில் கட்டியிருக்கிறேன், தயவுசெய்து எடுத்துப்போக வேண்டாம். டீ குடிக்கிறவர்கள் போட்டுவிட்டுக் குடியுங்கள். நன்றி, வணக்கம்.