‘கண்ணன்’ என்று சாய்த்து எழுதினால் புள்ளி எங்கே போகிறது?

வணக்கம் மக்களே. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை கடைவீதியில் நின்று பேசுகிறேன். இங்கே கடைகளின் ஒரே பெயர்ப்பலகையில் மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். டிராவல்ஸ், டயர் கடை, ஜிம் என்று வேகத்தைக் காட்ட நினைக்கிற எல்லாரும் கேட்பது தடித்த சாய்வெழுத்துதான், அதாவது போல்டு இட்டாலிக். ஆங்கிலம் ஜம்மென்று அமைந்துவிடுகிறது. பக்கத்திலேயே தமிழ் நசுங்கிக் கிடக்கிறது. பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆங்கிலத்துக்கு இது பழகிய வழி. 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனுஷியஸ் என்ற பதிப்பாளர் இட்டாலிக்கில் புத்தகம் அச்சிட்டார். அச்சை வெட்டியவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. முனையில் குச்சம் இல்லாத சான்ஸ் செரிஃப் அச்சு 1816இல் லண்டனில் வந்தது. அந்த வகையில் பால் ரென்னர் வரைந்த ஃபியூச்சுரா என்ற ஃபான்ட் 1927இல் வந்தது. சிவப்புப் பெட்டிக்குள் வெள்ளையாகச் சாய்ந்து நிற்கிறதே சுப்ரீம் என்ற துணி பிராண்டின் லோகோ, அது அந்த ஃபியூச்சுராதான். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் நேர்க்கோடுகள் அதிகம், சாய்த்தாலும் கட்டுக் குலையாது.

நம் எழுத்து அப்படி இல்லை. பெரும்பாலான தமிழ் ஃபான்ட்களில் இட்டாலிக் தனியாக வரைந்து வருவதில்லை. கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் எழுத்தைப் பிடித்து வலப்பக்கம் இழுத்துவிடுகிறோம். ‘கண்ணன்’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 12 டிகிரி சாய்த்தால், எழுத்து உட்காரும் அடிக்கோட்டிலிருந்து 10 அங்குல உயரத்தில் இருக்கும் புள்ளி 2 அங்குலத்துக்கு மேல் வலப்பக்கம் ஓடிவிடும். முதல் ண் மேல் நடுவில் இருக்க வேண்டிய புள்ளி அடுத்த ண பக்கமாக நகர்ந்துவிடும். அப்புறம் சுழி. அப்படி இழுக்கும்போது வட்டத்தின் மேல் வலது பக்கமும் கீழ் இடது பக்கமும் தடிக்கும், எதிர்ப்பக்கங்கள் மெலியும். ஏற்கெனவே போல்டாக இருக்கிற மூன்று சுழி ண இதில் அடைத்துப் போகும். இரண்டு சுழி ன எது, மூன்று சுழி ண எது என்று தூரத்திலிருந்து தெரியாது.

சரி, என்ன செய்யலாம்? கூகுள் ஃபான்ட்ஸில் கவிவனார் என்று ஒன்று இருக்கிறது. சாய்வாகவே வரைந்தது, அழகான வேலை. ஆனால் கையெழுத்துச் சாயல், பலகைக்கு வேண்டிய தடிமன் அதில் இல்லை. அதனால் நாமே திருத்த வேண்டியதுதான். ஆங்கிலம் 12 டிகிரி என்றால் தமிழை 7, 8 டிகிரியில் நிறுத்துங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே சாய்வாகத்தான் கண்ணுக்குத் தெரியும். எழுத்தை கர்வாக, அதாவது இழுத்துத் திருத்தக்கூடிய வெறும் கோடுகளாக மாற்றி, புள்ளியை அதன் எழுத்து மேலேயே இழுத்து வையுங்கள். சுழியின் உள்வெளியைப் பெரிதாக்குங்கள். அதற்காக வெளிக்கோட்டின் தடிமன் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. மலையாள எழுத்து இன்னும் உருண்டை, அதற்கும் இதே வேலைதான்.

முடித்ததும் ஒரு ஏ4 தாளில் அச்செடுத்து எதிர்ச் சுவரில் ஒட்டுங்கள். தெருவைத் தாண்டி நின்று பாருங்கள். ண-வில் மூன்று சுழியும் தனித்தனியாகத் தெரிகிற வரைக்கும் ஃபைலை ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பாதீர்கள்.