இளவரசி கவுனை உள்பக்கம் திருப்பிப் பாருங்க: டிஸ்னி வேர்ல்டு போகும் குழந்தைக்கான உடை

[காட்சி: மேசை மேல் நீல நிற எல்சா கவுன் ('ஃப்ரோசன்' படத்தில் வருபவள்). ஒரு கை அதை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்புகிறது.]

வணக்கம். டிஸ்னி வேர்ல்டு போறதுக்காகக் குழந்தைக்கு இளவரசி கவுன் வாங்கும்போது நாம எல்லாரும் வெளிப்பக்கத்தைத்தான் பார்ப்போம். சம்கி எப்படி மின்னுது, சுத்தினா பாவாடை எவ்வளவு விரியுது, அவ்வளவுதான். இன்னைக்கு உள்பக்கத்தைப் பார்க்கலாம். நாலு வயசுக் குழந்தையோட உடம்புல நாள் முழுக்கப் படப்போறது அந்தப் பக்கம்தான்.

[காட்சி: இடுப்புத் தையல், மிக அருகில்.]

இதுதான் மேல்சட்டையும் பாவாடையும் சேர்ற இடம். பாவாடை உப்பலா நிக்கணும்னு கேன்கேன் நெட்டை அடுக்கடுக்கா சுருக்கி இங்க கொண்டுவந்து தைச்சிருக்காங்க. வெட்டின முனையை மூடாம அப்படியே விட்டிருக்காங்க. விரலை வச்சுத் தடவிப் பாருங்க, பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி குத்தும். போட்டுப் பார்க்கிற அஞ்சு நிமிஷத்துல ஒண்ணும் தெரியாது. வேர்வையோட மூணு மணி நேரம் நடந்தா இடுப்பைச் சுத்தி சிவப்பா ஒரு கோடு விழுந்திருக்கும். ஆனா இந்த வயசுக் குழந்தைக்கு "அம்மா, தையல் உரசுது"ன்னு சொல்லத் தெரியாது. "வீட்டுக்குப் போகலாம்"னு அழும். நாம அது அடம்னு நினைச்சுக்குவோம்.

இன்னும் ரெண்டு இடம் பாருங்க. கக்கத்துக்கிட்ட சம்கி வச்சுத் தைச்சிருந்தா கையை ஆட்டும்போதெல்லாம் தோலைத் தேய்க்கும். முதுகுல வெல்க்ரோ இருந்தா, அதோட சொரசொரப்பான பக்கம் பின்கழுத்து முடியைப் பிடிச்சு இழுக்கும்.

சரிபண்றது சுலபம். பட்டுப்பாவாடைக்கு டைலர் உள்ள காட்டன் லைனிங் வச்சுத் தருவார் இல்லையா, அதே வேலைதான். இடுப்புத் தையல் மேல ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு காட்டன் பட்டி வச்சுத் தைச்சா போதும். தைக்க முடியலையா, உள்ள கை இல்லாத காட்டன் சிம்மீஸ் போடுங்க. கீழ முழங்காலுக்கு மேல நிக்கிற மெல்லிசு ஷார்ட்ஸ். தொடை உரசாது, சறுக்குல ஏறினாலும் கூச்சம் இல்ல. மத்தியானம் கவுனைக் கழட்டினா உள்ள ஒரு முழு உடை தயாரா இருக்கும். ஆக, இளவரசி உடையில நீங்க முதல்ல தேர்ந்தெடுக்க வேண்டியது உள்ள போடுற உடையைத்தான்.

[காட்சி: ஃபுளோரிடா வரைபடம். ஆர்லாண்டோ பக்கம் நெருங்குகிறது. மேஜிக் கிங்டம், சின்ட்ரெல்லா கோட்டை.]

இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம், டிஸ்னி வேர்ல்டு இருக்கிற அந்த ஊர், ஃபுளோரிடாவுல ஆர்லாண்டோ பக்கம். இளவரசிகளைப் பார்க்கப் போறது அங்க இருக்கிற மேஜிக் கிங்டம்ங்கிற பார்க்குக்கு. அமெரிக்காவுல இருக்கிற நம்ம குடும்பங்கள் பெரும்பாலும் ஸ்கூல் லீவு விட்டதும், ஜூன், ஜூலையில கிளம்புவாங்க. ஊர்ல இருந்து தாத்தா பாட்டி வந்திருக்கிற நேரமும் அதுதான். அப்போ ஆர்லாண்டோவுல 32, 33 டிகிரி வெயில், சென்னையைப் போலவே புழுக்கம். மத்தியானத்துக்கு மேல இடியோட மழை கொட்டுறது சர்வ சாதாரணம். கடையில விக்கிற கவுன்ல முக்கால்வாசி பாலியஸ்டர் சாட்டின், நைலான் நெட். சாட்டின் காத்து விடாது, ரெண்டுமே வேர்வையை உறிஞ்சாது.

அதனால நாளைப் பாதியாப் பிரிச்சுக்கோங்க. காலையில கேட் திறந்ததும் கவுன். சின்ட்ரெல்லா கோட்டை முன்னாடி படம், இளவரசிகளைப் பார்க்கிறது எல்லாம் பதினோரு மணிக்குள்ள. பிரின்சஸ் ஃபேரிடேல் ஹால்னு ஏ.சி. போட்ட ஒரு மண்டபம் இருக்கு, சின்ட்ரெல்லா மாதிரி இளவரசிகளைச் சந்திக்கிறதுக்குன்னே 2013-ல திறந்தது. அங்க கவுனோட போனா அந்த இளவரசியே குனிஞ்சு உங்க பொண்ணோட உடையைப் பத்திப் பேசுவாங்க. அந்த ரெண்டு நிமிஷத்துக்காகத்தான் இத்தனை பாடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி கவுனை மடிச்சுப் பைக்குள்ள வச்சிடலாம். சாயங்காலம் குழந்தையே கேட்டா திரும்பப் போடலாம். கேட்கலைன்னா விட்டுடுங்க.

டியானா இளவரசி பேர்ல 2024-ல திறந்த டியானாஸ் பயூ அட்வென்ச்சர் ரைடு கடைசியில தண்ணிக்குள்ள விழும். டியானா கவுன் போட்ட குழந்தை அதுலதான் ஏறணும்னு நிக்கும், அது நியாயம்தானே! ஆனா நனைஞ்ச கேன்கேன் லேசுல காயாது. அந்த ரைடை கவுன் கழட்டின பிறகு வச்சுக்கோங்க.

[காட்சி: இரண்டு ஜோடி காலணி. ஒன்று கண்ணாடி போல மின்னும் பிளாஸ்டிக் ஹீல்ஸ். இன்னொன்று பழகிய கேன்வாஸ் ஷூ.]

செட்டோட வர்ற பிளாஸ்டிக் ஹீல்ஸை ஹோட்டல் அறையிலயே விட்டுட்டுப் போங்க. பெரியவங்களுக்கே கால் வலிக்கிற தூரம் அது. பழகின ஷூ, காட்டன் சாக்ஸ். பாவாடை விளிம்பு கணுக்காலுக்கு மேல நிக்கணும். கூட்டத்துல மிதிபடாது, ஸ்ட்ரோலர் சக்கரத்துல சிக்காது. நீளமா இருந்தா வெட்ட வேண்டாம், உள்ள மடிச்சு ஒரு ஓட்டுத்தையல் போடுங்க, அடுத்த வருஷம் பிரிச்சுவிடலாம். முதுகுல தொங்குற மேலங்கியைக் கழுத்துல கயிறு போட்டுக் கட்டாதீங்க. தோள்ல வெல்க்ரோ வச்சுத் தைச்சுடுங்க, எங்கேயாவது மாட்டி இழுத்தா தானா கழண்டு வரும். கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டு பாத்ரூம்ல கவுனோட ஒரு தடவை ஒத்திகை பாருங்க. பாவாடையை மொத்தமாச் சுருட்டிப் பிடிச்சு டாய்லெட்ல உட்கார முடியுதான்னு தெரிஞ்சுக்கணும். அலாதீன் கதையில வர்ற ஜாஸ்மின் உடை ஒரே துண்டா, பேன்ட்டோட சேர்ந்து வந்தா மூணு வயசுக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம், மேலும் கீழும் தனித்தனியா இருக்கிறதை வாங்குங்க.

ஒரு விதியும் சொல்லணும். 14 வயசும் அதுக்கு மேலயும் ஆனவங்க சாதாரண நாட்கள்ல வேஷ உடையோட டிஸ்னி பார்க்குக்குள்ள போக முடியாது. மத்த குழந்தைங்க இவங்கதான் நிஜ எல்சான்னு நினைச்சுடக் கூடாது இல்லையா. அம்மாவும் பொண்ணும் ஜோடியாப் போகணும்னு ஆசைப்பட்டா, அம்மா அதே நிறத்துல சாதாரண உடை போட்டுக்கலாம். நிறைய பேர் அப்படித்தான் வர்றாங்க.

கோட்டைக்குள்ளயே பிப்பிடி பாப்பிடி பூட்டிக்னு ஒரு அலங்காரக் கடை இருக்கு. 3-ல இருந்து 12 வயசு வரைக்கும். தலை சீவி, கொண்டை போட்டு, நகப்பூச்சு, மினுமினுப்பு, தோளுக்குக் குறுக்கே ஒரு பட்டை எல்லாம் செஞ்சு விடுவாங்க. உடையோட சேர்ந்த தொகுப்பு எடுத்தா 200 டாலரைத் தாண்டிடும். குழந்தை அதை விரும்பினா, கையிலயும் வசதி இருந்தா, சந்தோஷமாப் போங்க. ஆனா தலையை யாராவது தொட்டாலே அழுற குழந்தையை அந்த நாற்காலியில உட்கார வைக்காதீங்க. இறுக்கிப் போட்ட கொண்டையோட, ஜெல் காய்ஞ்ச தலையோட அந்த வெயில்ல அலையப்போறது அவதான்.

[காட்சி: 1937, 1950, 1959, 1989, 1991, 1992 என ஆண்டுகள் வரிசையாகத் தோன்றுகின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு கவுனின் நிழலுரு.]

இந்த இளவரசிகள் எல்லாம் ஒரே கூட்டமா எப்ப ஆனாங்க தெரியுமா? படம் வந்த வருஷத்தைப் பாருங்க: ஸ்னோ ஒயிட் 1937, சின்ட்ரெல்லா 1950, ஏரியல் 1989. தனித்தனிக் கதை, தனித்தனிக் காலம். 2000 வாக்குல டிஸ்னியோட விற்பனைப் பொருள் பிரிவுக்குத் தலைவரா வந்த ஆண்டி மூனி, ஃபீனிக்ஸ்ல ஐஸ் மேல நடந்த ஒரு டிஸ்னி நிகழ்ச்சிக்குப் போனார். அங்க வந்திருந்த சின்னப் பொண்ணுங்க வீட்டுல தைச்ச இளவரசி உடையில நின்னாங்க. அதைப் பார்த்த பிறகுதான் 'டிஸ்னி பிரின்சஸ்'ங்கிற பிராண்டு பிறந்தது. ஆரம்பத்துல, சேர்ந்து நிக்கிற படங்கள்ல கூட அவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம, வேற வேற பக்கம் பார்க்கணும்னு ஒரு ஏற்பாடு இருந்தது, ஒவ்வொரு கதையும் தனியாவே இருக்கணுமாம். எனக்கு இதுல பிடிச்ச விஷயம், கம்பெனி விக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே குழந்தைங்க அந்த உடையில விளையாடிக்கிட்டு இருந்தாங்கங்கிறதுதான். வீட்டுல தைச்சாலும் அது இளவரசி உடைதான், லேபிள் எல்லாம் குழந்தைக்குக் கணக்கே இல்ல.

மூணு, நாலு வயசுல பல பொண்ணுங்க கவுன்தான் வேணும், ரோஸ்தான் வேணும்னு ஒரே பிடியா நிப்பாங்க. இதை மே லிங் ஹலிம், டயான் ரூபிள் மாதிரியான உளவியலாளர்கள் ஆராய்ஞ்சு 2014-ல எழுதியிருக்காங்க. அம்மா அப்பா விருப்பம் இதுக்குப் பெரிய காரணமாத் தெரியலை. 'நான் பொண்ணு'ங்கிறதைக் குழந்தை புதுசாப் புரிஞ்சுக்கிற வயசு அது, அந்தப் புரிதலை உடம்பு மேலயே போட்டுக் காட்டுது. ஸ்கூல் வயசு வந்ததும் நிறைய பேருக்கு அது தானா விட்டுப்போகும்.

கவலையும் இருக்கு, மறைக்கலை. ஆய்வாளர் சாரா காய்ன் குழு 2016-ல வெளியிட்ட ஆய்வுல, இளவரசிகள்ல ரொம்ப மூழ்கின குழந்தைங்க ஒரு வருஷம் கழிச்சு 'இது பொண்ணுங்களுக்கு மட்டும்' வகையான விளையாட்டுல அதிகமா இருந்தாங்கன்னு தெரிஞ்சது. அதே குழு அஞ்சு வருஷம் தள்ளித் திரும்பப் பார்த்தப்போ, அந்தக் குழந்தைங்க ஆண் பெண் பத்தி இன்னும் விசாலமான எண்ணத்தோட இருந்தாங்க. முதல் ஆய்வுல இன்னொண்ணும் உண்டு. இளவரசிகளோட விளையாடின பையன்களுக்குத் தங்கள் உடம்பைப் பத்தின எண்ணம் நல்லா இருந்தது, அடுத்தவங்களுக்கு உதவுற குணமும் அதிகம். உங்க பையன் எல்சா கவுன் கேட்டா கொடுங்க. பார்க்ல அவனைத் தடுக்க எந்த விதியும் இல்ல. தாத்தா முகம் சுளிச்சா நீங்க பேசுங்க, அந்தச் சுளிப்பு அவன்கிட்ட போகவே கூடாது.

அதே மாதிரி இன்னொரு பேச்சு. படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்ல போட்டதும் யாராவது ஒருத்தர் "அந்த நீலம் அவ நிறத்துக்கு எடுக்கலையே"ன்னு எழுதுவாங்க. பக்கத்துல நின்னு அதைக் கேட்கிற குழந்தை, எல்சாங்கிறது தனக்கு இல்லன்னு எடுத்துக்கும். இந்த விஷயத்துல எனக்கு விட்டுக்கொடுக்கிற எண்ணமே இல்ல. எந்த நிறக் குழந்தையும் எந்த இளவரசியாவும் ஆகலாம். ஜாஸ்மின், மோவானா, டியானா எல்லாம் அழகான தேர்வு, ஆனா தேர்வு அவளோடது. "உனக்கு ஜாஸ்மின்தான் பொருத்தம்"னு நாம முடிவு பண்ணிக் கொடுக்க வேண்டாம்.

[காட்சி: நீண்ட வரிசை. கவுன் போட்ட குழந்தை தரையில் உட்காரப் பார்க்கிறது.]

வரிசையில நிக்கும்போது உடையே உதவும். ரேச்சல் ஒயிட்ங்கிற உளவியலாளரோட குழு நாலு, ஆறு வயசுக் குழந்தைங்களுக்குச் சலிப்பான ஒரு வேலையைக் கொடுத்து, பேட்மேன், ராபன்சல், டோரா மாதிரி ஒருத்தரா தன்னை நினைச்சுக்கிட்டுச் செய்யச் சொன்னாங்க. அப்படி நினைச்ச குழந்தைங்கதான் அதிக நேரம் தாக்குப்பிடிச்சு உழைச்சாங்க. அதனால "நேரா நில்லு"ன்னு அதட்டுறதுக்குப் பதிலா "ராபன்சல் கோபுரத்துல எப்படிக் காத்திருந்தா, காட்டு"ன்னு கேட்டுப் பாருங்க. உடை உடம்புல இருக்கிற வரைக்கும் அந்தப் பேச்சு எடுபடும். படம் எடுக்க நிறுத்தி வைக்கிறதையும் இதே வழியில குறைச்சுக்கலாம். விளையாடும்போது எடுங்க. ஒரே இடத்துல இருபது தடவை சிரிக்கச் சொன்னா, அப்புறம் அந்தக் கவுனைப் பார்த்தாலே ஓடும்.

[காட்சி: வாளியில் நீர். கவுன் மெதுவாக அமுக்கப்படுகிறது.]

வீட்டுக்கு வந்ததும் மெஷின்ல போடாதீங்க. பச்சைத் தண்ணி, கொஞ்சம் ஷாம்பூ, முறுக்காம அமுக்கி எடுத்து நிழல்ல காயப்போடுங்க. அதுக்கப்புறம் வாரக்கணக்கா அவ அதே கவுன்லதான் வீட்டுல திரிவா. அப்போ ஒண்ணே ஒண்ணுல கண்டிப்பா இருங்க. பாலியஸ்டரும் நைலான் நெட்டும் தீப்பட்டா உருகித் தோல்ல ஒட்டும், உப்பின பாவாடை எங்க உரசுதுன்னு குழந்தைக்குத் தெரியாது. பூஜை அறை விளக்கு, பிறந்தநாள் மெழுகுவர்த்தி, அடுப்படி, இந்த மூணு இடத்துக்கும் கவுனோட போகக் கூடாது. விளக்கேத்துற நேரம்னா முதல்ல உடையை மாத்துங்க, அப்புறம் விளக்கு.